கேஜ் காட்டும் கிலோவும் எடைமேடை காட்டும் கிலோவும்: வாயுக் கலவைக்கு ஒத்த நிலை விதியை எதுவரை நம்பலாம்?

கேள்வி கேட்டவர் நாமக்கல் பக்கம் ஒரு சிபிஜி (அழுத்திய பயோகேஸ்) ஆலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி. கோழி எருவையும் ஜவ்வரிசி ஆலைக் கழிவையும் செரிக்க வைத்து, வரும் வாயுவைச் சுத்தம் செய்து, 200 பாருக்கு அழுத்தி, லாரி மேல் ஒன்றோடொன்று இணைத்திருக்கும் கேஸ்கேட் சிலிண்டர்களில் ஏற்றி அனுப்புகிறார்கள். கேஜைப் பார்த்து அவர் போடும் கிலோக் கணக்கும் எடைமேடை சொல்லும் கிலோவும் ஒட்டவே மாட்டேன் என்கிறதாம். எடைமேடை எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறதாம். "காலேஜில் கே விதி, இசட் சார்ட் என்று நடத்தினார்கள். அதைக் கலவைக்குப் போட்டால் நம்பலாமா? அதே முறை எல்பிஜிக்கும் ஆகுமா?" என்று கேட்கிறார்.

சுருக்கமான பதில்: உங்கள் சிபிஜிக்கு நம்பலாம், நன்றாகவே வரும். எல்பிஜிக்கு, அது முழுக்க வாயுவாக இருக்கும்வரை ஆகும். டேங்கருக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்து நிற்கும்போது அதே கணக்கைப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். கேஸ்கேடின் மொத்த நீர்க் கொள்ளளவு 3,000 லிட்டர் என்று வையுங்கள். வாயுவில் மோல் கணக்கில் 96 சதவீதம் மீத்தேன், 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அழுத்தம் 200 பார், வெப்பநிலை 35 டிகிரி, அதாவது 308 கெல்வின். பள்ளிக்கூடத்துப் பிவி = என்ஆர்டி போட்டால் 23,400 மோல் சொச்சம் வருகிறது. சராசரி மோல் நிறை 17.2 கிராம். ஆக, 402 கிலோ. உண்மையில் அந்தச் சிலிண்டர்களில் இருப்பது 480 கிலோவுக்குப் பக்கம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். எடைமேடைக்காரர் மேல் சந்தேகப்பட வேண்டாம்.

நல்லியல்பு வாயுக் கணக்கில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. 200 பாரில் அவை நெருங்கி நிற்கின்றன, ஒன்றையொன்று இழுக்கின்றன, அதனால் அதே இடத்தில் கூடுதலாக அடங்குகின்றன. எவ்வளவு கூடுதல் என்பதைச் சொல்லும் எண்தான் இசட், அமுக்கத்திறன் காரணி. மேலே சொன்ன நிலையில் அது 0.84. 402-ஐ 0.84-ஆல் வகுத்தால் உங்கள் எடைமேடை எண் வந்துவிடும். அந்த 0.84-ஐ அளக்காமலே எப்படிப் பிடிப்பது என்பதுதான் ஒத்த நிலை விதியின் வேலை.

35 டிகிரியில் மீத்தேனை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. புரோப்பேன் 12 பாரிலேயே திரவமாகிவிடும். இரண்டையும் ஒரே அட்டவணையில் அடக்க முடியாது என்றுதான் யாருக்கும் தோன்றும். நெதர்லாந்துக்காரர் வான் டெர் வால்ஸ் 1880-இல் அடக்கிக் காட்டினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாறுநிலை வெப்பநிலையும் ஒரு மாறுநிலை அழுத்தமும் உண்டு. அந்தப் புள்ளியைத் தாண்டினால் திரவம், ஆவி என்ற பாகுபாடே கிடையாது. உங்கள் வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்து மாறுநிலை வெப்பநிலையால் வகுங்கள். அழுத்தத்தையும் அப்படியே மாறுநிலை அழுத்தத்தால் வகுங்கள். வகுத்து வந்த இரண்டு எண்களும் எந்தெந்தப் பொருளுக்கு ஒன்றாக இருக்கின்றனவோ, அவற்றுக்கு இசட்டும் ஒன்றாகவே இருக்கும். இது வெறும் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. ஹீலியத்தைத் திரவமாக யாருமே பார்த்திராத காலத்தில், அது எந்த வெப்பநிலையில் வழிக்கு வரும் என்று லைடன் ஆய்வகத்தில் கேமர்லிங் ஆன்னஸ் மதிப்பிட்டது இந்த விதியை வைத்துத்தான். 1908-இல் திரவமாக்கியும் காட்டினார்.

ஆனால் விதி முழுசாகச் சரி என்றால், மாறுநிலைப் புள்ளியில் எல்லாப் பொருளுக்கும் ஒரே இசட் வர வேண்டும். அளந்து பார்த்தால் ஆர்கானுக்கு 0.29, புரோப்பேனுக்கு 0.276, தண்ணீருக்கு 0.23. உருண்டையான சின்ன மூலக்கூறுகள் ஒரு குடும்பமாக ஒட்டி நிற்கின்றன. நீளமானவையும் மின்முனைவு உள்ளவையும் விலகிப் போகின்றன. இந்த விலகலுக்கு ஒரு எண் கொடுத்தவர் கென்னத் பிட்சர், 1955-இல். மாறுநிலை வெப்பநிலையில் 0.7 பங்கு வெப்பநிலைக்கு வந்தால், ஆர்கானின் ஆவி அழுத்தம் அதன் மாறுநிலை அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. மற்றப் பொருள்களுக்கு அதைவிடக் குறைவு. எத்தனை மடங்கு குறைவோ, அதன் மடக்கைதான் அசென்ட்ரிக் காரணி. ஓமேகா என்று எழுதுவார்கள். மீத்தேனுக்கு 0.011, புரோப்பேனுக்கு 0.152, நார்மல் பியூட்டேனுக்கு 0.200, கார்பன் டை ஆக்சைடுக்கு 0.225. மாறுநிலை வெப்பநிலை, மாறுநிலை அழுத்தம், ஓமேகா என்று மூன்றே எண்களில் ஒரு பொருளின் ஜாதகம் முடிந்தது.

1975-இல் லீயும் கெஸ்லரும் இதை இன்றுவரை புழங்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். உருண்டை மூலக்கூறுக்கு ஒரு சமன்பாடு, நார்மல் ஆக்டேனுக்கு ஒரு சமன்பாடு. ஆக்டேனின் ஓமேகா 0.3978. உங்கள் பொருளின் ஓமேகா பூஜ்யத்துக்கும் 0.3978-க்கும் இடையே எங்கே விழுகிறதோ, அதே விகிதத்தில் இரண்டு சமன்பாடுகளின் விடைகளுக்கும் நடுவே ஒரு நேர்கோட்டில் நின்றுகொள்ள வேண்டியது. இசட் மட்டும் இல்லை. என்தால்பி, என்ட்ரோபி, வெப்பக் கொள்ளளவு ஆகியவற்றில் நல்லியல்பு வாயுவிலிருந்து வரும் விலகலையும் இதே வழியில் எடுக்கலாம். கம்ப்ரெஸர் ஒவ்வொரு ஸ்டேஜிலும் எவ்வளவு சூடாகும், இன்டர்கூலருக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட உங்களுக்குத் தேவைப்படுவது இவைதான்.

இனி கலவை. இந்த முறை கலவையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நீ எந்தத் தனிப்பொருள் வேஷம் கட்டியிருக்கிறாய்? வேஷம் தெரிந்துவிட்டால், அந்தத் தனிப்பொருளின் சார்ட்டையே எடுத்து வேலையை முடித்துவிடலாம். கலவைக்கு ஒரு போலி மாறுநிலை வெப்பநிலையும் ஒரு போலி மாறுநிலை அழுத்தமும் உண்டாக்கிக்கொள்கிறோம். அதற்கு இருப்பதிலேயே எளிய வழி 1936-இல் வந்த கே விதி: மோல் பின்னப்படி சராசரி, அவ்வளவுதான். மீத்தேன் 190.6 கெல்வின், 46.0 பார். கார்பன் டை ஆக்சைடு 304.1 கெல்வின், 73.8 பார். 96-க்கு 4 என்று சராசரி எடுத்தால் 195.1 கெல்வின், 47.1 பார். உங்கள் 308 கெல்வினை வகுத்தால் 1.58, 200 பாரை வகுத்தால் 4.25. லீ-கெஸ்லர் அட்டவணையில் இந்த இடத்தில் விரலை வைத்தால் 0.84. கால்குலேட்டரில் இரண்டு நிமிஷ வேலை.

இந்தப் போலி மாறுநிலையைக் கலவையின் நிஜமான மாறுநிலை என்று மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள். மீத்தேன் 46 பார், நார்மல் பியூட்டேன் 38 பார். இரண்டையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் கே விதி 38-க்கும் 46-க்கும் நடுவில்தான் ஒரு எண்ணைத் தரும். ஆய்வகத்தில் அளந்தால், சில விகிதங்களில் அந்தக் கலவையின் மாறுநிலை அழுத்தம் 100 பாரைத் தாண்டிப் போகிறது. போலி எண்ணின் வேலை சார்ட்டுக்குள் நுழைய வழி காட்டுவது மட்டும். அதை வைத்து 'இந்தக் கலவை இத்தனை பாருக்கு மேல் இரண்டாகப் பிரியாது' என்று சொல்லக் கிளம்பினால் வில்லங்கம்.

கே விதி எங்கே சறுக்கும்? மூலக்கூறுகளின் இழுவிசை என்பது ஜோடி ஜோடியாக நடக்கும் காரியம். மீத்தேனுக்கும் மீத்தேனுக்கும் இடையே ஒன்று, கார்பன் டை ஆக்சைடுகளுக்கு இடையே ஒன்று, ஒரு மீத்தேனுக்கும் ஒரு கார்பன் டை ஆக்சைடுக்கும் இடையே ஒன்று. இந்த மூன்றாவது ஜோடியை நேர் சராசரி கண்டுகொள்வதில்லை. இரண்டின் நடுவில்தான் இருக்கும் என்று அதுவாகவே வைத்துக்கொள்கிறது. உண்மையில் வேற்றுச் சோடி கொஞ்சம் விட்டேற்றியாகவே இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே அந்தக் குறைவு ஒன்பது, பத்து சதவீதம் என்று வைப்பது வழக்கம். சிமுலேஷன் மென்பொருளில் கே-ஐ-ஜே என்ற கட்டத்தில் 0.09, 0.10 என்று பார்த்திருப்பீர்கள். அதைச் சேர்த்து எளிய இருபடிக் கணக்காகப் போட்டால், 96-க்கு 4 கலவையில் போலி மாறுநிலை வெப்பநிலை இரண்டு கெல்வின் சொச்சம்தான் இறங்குகிறது. இசட்டில் ஒரு சதவீத அளவு மாற்றம். உங்கள் எடைமேடைக்கே அது தெரியாது.

அதையே சுத்தம் செய்யாத பயோகேஸுக்குப் போடுங்கள், 60 மீத்தேன், 40 கார்பன் டை ஆக்சைடு. கே விதி 236 கெல்வின் என்கிறது. ஜோடிக் கணக்கு 222 என்கிறது. பதினான்கு கெல்வின் வித்தியாசம். 200 பாரில் இது உங்களைக் கவிழ்த்துவிடும். ஆனால் சுத்தம் செய்யும் டவரில் அந்த வாயு 10 பார் வாக்கில்தான் ஓடுகிறது. அங்கே இசட் 0.97, யார் கணக்கைப் போட்டாலும் பெரிய சேதமில்லை. முறையைக் குறை சொல்வதற்கு முன்னால், உங்கள் வாயு எந்த அழுத்தத்தில் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது. இதனால்தான் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்குக் கம்ப்ரெஸர் பார்க்கும் ஆட்கள் இசட் என்ற பேச்சையே எடுப்பதில்லை. காற்றும் ஒரு கலவைதான். ஆனால் 25 பாரில்கூட அதன் இசட் 1-ஐ விட்டு ஒரு சதவீதம் விலகாது. அவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கே போதும்.

பாடப்புத்தகங்கள் ஒரு கைவிதி சொல்கின்றன: கலவையில் இருக்கும் எந்த இரண்டு பொருளை எடுத்தாலும், மாறுநிலை வெப்பநிலைகளின் விகிதமும் மாறுநிலை அழுத்தங்களின் விகிதமும் பாதிக்கும் இரட்டிப்புக்கும் நடுவில் இருந்தால் கே விதியின் வெப்பநிலையை ஏற்றுக்கொள்ளலாம். மீத்தேனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் இரண்டு விகிதமும் 1.6. தேறிவிடும். ஹைட்ரஜன் கலந்தால் தேறாது. அது சின்ன மூலக்கூறு, குவாண்டம் குணம் வேறு தலைகாட்டும், அதன் மாறுநிலை எண்களையே திருத்திக்கொண்டுதான் உள்ளே விட வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கணக்கில் மிச்சமிருக்கும் பெரிய பிழை கலவை விதியில் இருக்காது, வெப்பநிலையில் இருக்கும். வேகமாக நிரப்பும்போது சிலிண்டருக்குள் வாயு சூடாகிவிடும். வெளியே 35 டிகிரி என்று நீங்கள் எழுதிக்கொள்ளும் நேரத்தில் உள்ளே 55 டிகிரி இருந்தால், 200 பாரில் உண்மையாக அடங்கியிருப்பது பத்துச் சதவீதத்துக்கும் மேல் குறைவு. வெப்பநிலை நேராக ஒரு பக்கம் அடிக்கிறது, இசட்டும் 0.84-இல் இருந்து 0.88-க்கு ஏறி இன்னொரு பக்கம் அடிக்கிறது. கே விதியா, லீ-கெஸ்லரா, இன்னும் பெரிய சமன்பாடா என்று நாம் ஒரு சதவீதத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, தெர்மாமீட்டர் சத்தமில்லாமல் பத்துச் சதவீதத்தைத் தின்றிருக்கும்.

இப்போது எல்பிஜி. தென்னாட்டில் ஓடும் எல்பிஜி டேங்கர்களில் பெரும்பங்கு நாமக்கல்காரர்களுடையது என்பதால், உங்கள் ஊரில் இந்தக் கேள்வி வருவது இயல்பு. மோல் கணக்கில் 40 சதவீதம் புரோப்பேன், 60 சதவீதம் நார்மல் பியூட்டேன் என்று ஒரு கலவையை எடுப்போம். திரவத்தை ஆவியாக்கும் வேப்பரைசரைத் தாண்டி 77 டிகிரி, 8 பாரில் முழுக்க வாயுவாகப் போகிறது. கே விதிப்படி 403 கெல்வின், 39.8 பார், ஓமேகா 0.181. இசட் 0.89 வரும். அடர்த்தி, நல்லியல்புக் கணக்கில் கனமீட்டருக்கு 14.4 கிலோ, இசட்டோடு 16.2 கிலோ. மீட்டரில் கனமீட்டரை அளந்து கிலோவாக மாற்றிக் காசு வாங்குபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதுவரை முறை நன்றாகவே உழைக்கிறது.

அதே கலவையை 30 டிகிரியில் டேங்கில் விடுங்கள். 'இதன் ஆவி அழுத்தம் என்ன?' என்று வேஷம் கட்டிய தனிப்பொருளைக் கேட்டால், 4.9 பார் என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லும். தனிப்பொருளுக்கு ஒரு வெப்பநிலையில் ஒரு ஆவி அழுத்தம்தானே. கலவைக்கு அப்படி இல்லை. 30 டிகிரியில் புரோப்பேனின் ஆவி அழுத்தம் 10.8 பார், பியூட்டேனுடையது 2.8 பார். டேங்க் நிறையத் திரவமாக இருந்து முதல் குமிழி கிளம்பும்போது ரவூல் விதிப்படி (திரவத்தில் இருக்கும் மோல் பங்குக்கு ஏற்ப ஒவ்வொரு பொருளும் தன் ஆவி அழுத்தத்தைக் கொடுக்கும் என்ற விதி) அழுத்தம் 6.0 பார். எல்லாம் ஆவியாகிக் கடைசிச் சொட்டு மட்டும் மிஞ்சும்போது 4.0 பார். 4.9 என்பது இரண்டுக்கும் நடுவில் எதற்கும் உதவாத ஒரு எண். சேஃப்டி வால்வு பார்ப்பவருக்கு அது ஆபத்தான அளவுக்குக் குறைவு. கடைசிவரை பர்னருக்கு அழுத்தம் கிடைக்குமா என்று பார்ப்பவருக்கு அது ஏமாற்றும் அளவுக்கு அதிகம்.

இன்னொன்றும் அந்த எண்ணில் தெரியாது. திரவத்தில் 40 சதவீதமே இருக்கும் புரோப்பேன், மேலே நிற்கும் ஆவியில் 72 சதவீதம். ஆவியாக எடுத்துக்கொண்டே போனால் புரோப்பேன் முந்திக்கொண்டு கிளம்பிவிடும். பியூட்டேன் அடியில் தங்கும். வால்பாறையிலும் ஏற்காட்டிலும் மார்கழிக் குளிரில் ஹோட்டல்காரர் "ஏனுங்க, சிலிண்டரை ஆட்டினாக் கேஸ் இருக்குதுங்க, ஆனாத் தீ ஏறமாட்டேங்குது" என்று சொல்வதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆவியாகும்போது திரவமே குளிர்ந்துபோவது மறு பங்கு. பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்துக்கு அரை டிகிரிதான் கீழே. புரோப்பேனுக்கோ மைனஸ் 42.

அப்படியானால் ஒத்த நிலை விதியால் இரண்டு நிலைகளைக் கையாளவே முடியாதா என்றால், முடியும். வேஷத்தை மொத்தமாகப் பார்க்காமல், கலவையில் ஒரு பொருளைத் துளி கூட்டினால் போலி மாறுநிலை எண்கள் எப்படி நகர்கின்றன என்று பார்க்க வேண்டும். அந்த நகர்விலிருந்து ஒவ்வொரு பொருளின் ஃபுகாசிட்டியும், அதாவது அது அந்த நிலையை விட்டு வெளியேறத் துடிக்கும் அளவும், கிடைக்கும். திரவத்திலும் ஆவியிலும் அது சமமாகும் இடத்தைத் தேடினால் குமிழி அழுத்தமும் வரும், ஆவியின் சேர்மானமும் வரும். 1978-இல் ப்ளாக்கர், நாப், பிரவுஸ்னிட்ஸ் மூவரும் லீ-கெஸ்லருக்கு இதற்கேற்ற ஜோடிக் கலவை விதியைச் சேர்த்தார்கள். இங்கே கே-ஐ-ஜே எண் உயிர்நாடி. அடர்த்தியில் ஒரு சதவீதம் மட்டும் அசைக்கும் அந்த எண், ஆவியின் சேர்மானத்தில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்துவிடும். புரோப்பேன்–பியூட்டேன் போன்ற பங்காளிகளுக்கு அது கிட்டத்தட்ட பூஜ்யம். கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் என்றால் அளவீட்டுத் தரவிலிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

பலர் பயன்படுத்தும் பெங்-ராபின்சன் சமன்பாடும் (1976) இதற்கு உறவுக்காரர்தான். அதே மூன்று எண்களைத்தான் அதுவும் கேட்கிறது. ஆவி–திரவச் சமநிலைக்கு அது கெட்டி. திரவ அடர்த்தியில் மட்டும் தடுமாறும். டேங்கரில் எத்தனை டன் ஏற்றலாம் என்ற கணக்கை அதில் போடாதீர்கள். அதற்கு ராக்கெட் சமன்பாடும் 1979-இல் ஹேன்கின்சனும் தாம்சனும் கொடுத்த காஸ்டால்ட் முறையும் இருக்கின்றன; இரண்டும் ஒத்த நிலை விதியின் பிள்ளைகளே. புரோப்பேன் திரவம் 15 டிகிரியில் இருந்து 55 டிகிரிக்குப் போனால் பத்துச் சதவீதத்துக்கு மேல் விரியும். டேங்கை முழுக்க நிரப்பாமல் மேலே இடம் விடச் சொல்வது இதற்காகத்தான்.

இதே தெம்பில் ஈரோட்டு மஞ்சள் பக்கம் போய்விடாதீர்கள். மஞ்சளில் இருந்து எண்ணெய் எடுக்க அழுத்தமூட்டிய கார்பன் டை ஆக்சைடை விடுவதும், கரைதிறன் கூட்ட அதோடு எத்தனால் சேர்ப்பதும் உண்டு. வேலை நடப்பது 40 டிகிரி வாக்கில், அதாவது கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலைக்கு மேலே ஒட்டினாற்போல. அங்கே அழுத்தம் கொஞ்சம் அசைந்தாலும் அடர்த்தி தாறுமாறாக ஓடும். போலி மாறுநிலையில் வரும் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும். எத்தனால் வேறு ரகம். அதன் ஓமேகா 0.64, பத்துக் கார்பன் நீளமுள்ள டெக்கேனுக்கே 0.49தான். இரண்டு கார்பன் மூலக்கூறுக்கு இவ்வளவு பெரிய எண் வருவதற்கு அதன் உருவம் காரணமில்லை, ஹைட்ரஜன் பிணைப்பு காரணம். உருவத்துக்காக வந்த எண்ணில் வேறொரு சரக்கை ஒளித்து வைத்தால் முறை என்ன செய்யும்? மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினுக்கோ மாறுநிலையை அளக்கவே வழியில்லை. சூடாக்கினால் அதற்கு முன்பே சிதைந்துவிடும். அங்கெல்லாம் அளவீட்டுத் தரவும், ஹைட்ரஜன் பிணைப்பைத் தனியாகக் கணக்கில் எடுக்கும் சமன்பாடுகளும்தான்.

உங்களுக்கு இனி ஆக வேண்டியது. ஐஐடி பம்பாயின் ஃபாஸ்ஸீ திட்டத்தார் பரப்பிவரும் டிடபிள்யூசிம் ஓர் இலவச சிமுலேஷன் மென்பொருள். அதில் லீ-கெஸ்லர்-ப்ளாக்கர் முறை இருக்கிறது. உங்கள் கேஸ் குரோமட்டோகிராஃப் அறிக்கையில் உள்ள சேர்மானத்தை, நைட்ரஜன் இருந்தால் அதையும் விடாமல், மோல் சதவீதத்தில் போட்டு, 100 பாரில் இருந்து 250 பார் வரைக்கும், 25 டிகிரியில் இருந்து 60 டிகிரி வரைக்கும் இசட் அட்டவணை ஒன்று எடுத்துக் கண்ட்ரோல் ரூமில் ஒட்டிவிடுங்கள். விற்பனை ரசீதுக்கே இந்த எண் அடிப்படை என்றால் இயற்கை வாயுக்கென்றே செய்த ஜெர்க்-2008 சமன்பாட்டுக்குப் போய்விடுங்கள். அது 21 பொருள்களின் கலவைவரை தாங்கும். கேஜ் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் என்பதால், எதில் போட்டாலும் அதோடு ஒரு பார் கூட்டிக்கொள்ளுங்கள். நிரப்பி முடித்த கையோடு கேஜைப் படிக்காமல், லாரியை நிழலில் நிறுத்தி, சிலிண்டர் சுவரில் ஒட்டிய தெர்மோகப்பிளும் அழுத்தமும் இரண்டுமே அசையாமல் நின்ற பிறகு எழுதுங்கள். அப்படி எழுதிய எண்ணை எடைமேடைச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். இரண்டு சதவீதத்துக்கு மேல் இன்னும் இடித்தால், கேஜின் காலிப்ரேஷன் தேதியையும் சிலிண்டரில் முத்திரை குத்திய நீர்க் கொள்ளளவையும் முதலில் சரிபாருங்கள், தம்பி.